கயிற்றைப் பிடிக்காதவர்கள்

மத்திய அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 2020 செப்டம்பரில் 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக்கினார்கள். கலப்புத் தற்காப்புக் கலையை, நம் பையன்கள் எம்.எம்.ஏ. என்று சொல்வதை, வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆசிய விளையாட்டில் அதற்கு இடமில்லை என்று அன்று ஒரு காரணமாவது சொல்லியிருக்கலாம். ஐச்சி-நகோயா 2026 போட்டிகளில் எம்.எம்.ஏ. உண்டு என்று 2025 ஏப்ரலில் உறுதியானதோடு அந்தக் காரணமும் போய்விட்டது.

முரட்டு ஆட்டம் என்பதுதான் தயக்கம் என்றால், அதே 2020-ல் உள்ளே வந்த கூடோவைப் பார்க்க வேண்டும். ஜப்பானில் பிறந்த அந்த ஆட்டத்தில் குத்தலாம், உதைக்கலாம், தூக்கி எறியலாம், தரையில் போட்டுப் பூட்டலாம். முகக்கவசம் உண்டு, உண்மைதான். ஆனால் கூடோவில் தலையால் முட்டுவதற்கும் அனுமதி உண்டு, எம்.எம்.ஏ.யில் அது விதிமீறல். கூடோவுக்குக் கதவு திறந்தவர்கள் எம்.எம்.ஏ.யை முரட்டுத்தனம் என்று ஒதுக்க முடியாது.

சீனத் தற்காப்புக் கலையான வூஷூவும் அன்றுதான் பட்டியலில் ஏறியது. உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்துப் பெண் பூஜா தோமர் தேசிய வூஷூ சாம்பியனாக இருந்து எம்.எம்.ஏ.வுக்கு வந்தவர். 2024 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், யு.எஃப்.சி. என்னும் எம்.எம்.ஏ. போட்டி மேடையில் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் காலின் அதே உதை வூஷூவில் விழுந்தால் அரசு வேலைக்குக் கணக்கில் வரும்; எம்.எம்.ஏ. கூண்டுக்குள் விழுந்தால் வராது. இதற்கு என்ன நியாயம்?

இந்தத் தூத்துக்குடிக் கரைக்கு உடம்பை வைத்துப் பிழைப்பது புதிதல்ல. இங்கே அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ல் கடைசியாக நடந்தது. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்குதான் குளியாளிக்கு, மிச்சம் அரசுக்கு. ஆனாலும் படகில் அவன் கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் இருந்தான். தங்கையைக் கொடுத்த மச்சான் கையில்தான் அந்தக் கயிறு இருக்கும் என்று இன்றும் கரையில் சொல்வார்கள். சண்டைக்குப் போகிற பையனுக்கு அந்தக் கயிறு இல்லை. எடை குறைக்க உப்பளச் சாலை வெயிலில் தண்ணீரை மறந்து ஓடுகிறான். சண்டை நடந்தால் காசு, நடக்காவிட்டால் இல்லை. தலையில் அடிபட்டு மயங்கி விழுந்தால் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் பயிற்சிச் சண்டை கூடாது. அந்த நாட்களுக்குச் சம்பளம் யார் தருவார்கள்? முழங்கால் தசைநார் அறுந்தால் அறுவைச் செலவு யார் தலையில்? முப்பத்தைந்தைத் தாண்டினால் அநேகம் பேருக்குக் கூண்டு முடிந்தது. பிறகு கன்டெய்னர் யார்டு வேலைதான். அங்கீகாரம் தராததால் சண்டைகள் நின்றுவிடவில்லை. கூண்டுக்கு வெளியே டாக்டர் இருக்கிறாரா என்று கேட்கும் பொறுப்புதான் ஆளில்லாமல் போனது.

விளையாட்டுச் சங்கங்களை நடத்துகிறவர்களின் பழைய கணக்கையும் இந்த ஊர் மறக்கவில்லை. 2012 டிசம்பரில் சங்கத் தேர்தல் சர்ச்சையால் இந்தியக் குத்துச்சண்டையை உலக அமைப்பு இடைநீக்கம் செய்தது. அதே மாதம் நாட்டின் ஒலிம்பிக் சங்கமும் இடைநீக்கம் செய்யப்பட்டது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் வீரர்கள் மூவர்ணக் கொடியில்லாமல் நடந்தார்கள். பாடம் படித்தார்களா? 2023-ல் மல்யுத்தச் சங்கத் தேர்தலை நேரத்துக்கு நடத்தாமல் இன்னொரு இடைநீக்கம். பெல்கிரேடில் அந்திம் பங்கல் உலக வெண்கலம் வென்றபோது அவருக்கும் நம் கொடி இல்லை. நாற்காலிக்குச் சண்டை போட்டவர்கள் யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

தெற்கு என்றால் அலட்சியம் வேறு. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகளைச் சென்னை, திருச்சி, மதுரை, கோவை என நான்கு நகரங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். மதுரைக்குத் தெற்கே ஓர் ஊர்கூட அவர்கள் கண்ணில் படவில்லை. துறைமுகம் வைத்திருக்கிற, வலுவான பிள்ளைகளை வைத்திருக்கிற இந்த ஊர் வேடிக்கை பார்த்தது.

பட்டியலை மறுபடி திறக்க வேண்டும். எம்.எம்.ஏ.வுக்கு எந்தச் சங்கம் பொறுப்பு என்பதை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும். மருத்துவம், காப்பீடு, வேலை எதுவானாலும் ஏதோ ஒரு முறைக்குள் இந்தப் பிள்ளைகளைக் கொண்டுவர வேண்டும். எப்படி என்பது கையெழுத்துப் போடுகிறவர்களின் வேலை. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். 2020-ல் ஒரே நாளில் இருபது விளையாட்டுகளைச் சேர்க்க முடிந்த பேனாவுக்கு இருபத்தொன்றாவதை எழுத எத்தனை ஆண்டு வேண்டும்?