வட்டத்தொட்டியும் வரவேண்டிய ஏடுகளும்

காவாந்தண்டலத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துச் சபையார் குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்தனர். கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள், உறுப்பினருக்குரிய தகுதியையும் தகுதியின்மையையும் விரித்துரைக்கின்றன. ஊர்ச்சபைக்குக் காட்டிய இந்தக் கருத்தை இலக்கியச் சபைகளுக்கு நாம் காட்டினோமில்லை.

வட்டத்தொட்டியை எண்ணிப் பார்ப்போம். இரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) அவர்களின் திருநெல்வேலி வண்ணார்பேட்டை இல்லத்தில், வட்டமான தொட்டிக்கட்டில் 1920களில் அன்பர்கள் கூடினர். கூடிய இடத்தின் பெயரே கூட்டத்தின் பெயராயிற்று. பின்னர் குற்றாலத்திலும் அவ்வட்டம் தொடர்ந்தது. இராஜாஜி, கல்கி, பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் போன்றோர் அதில் திளைத்தவர்கள். பாட்டைப் பதம் பிரித்துப் பொழிப்புரைப்பதோடு நிற்காமல், அதன் ஓசையையும் உணர்ச்சியையும் அங்கே சுவைத்தனர். (நம் வகுப்பறைகள் இன்னும் பொழிப்புரையைத் தாண்டவில்லை.)

டி.கே.சி.யின் கடிதங்கள் அச்சாகியுள்ளன. அன்பர்தம் நினைவுரைகளும் உள. ஆயினும் நினைவுரைகளிற் பெரும்பாலானவை புகழுரைகளே. கம்பராமாயணப் பாடல்கள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் ஒதுக்கினார். சில இடங்களிற் சொற்களையும் திருத்தினார். புலவருலகம் அதனைக் கடுமையாக எதிர்த்தது. தொட்டிக்கட்டில் அமர்ந்திருந்தோர் எதிர்த்தனரா? எந்தப் பாடலுக்காக வாதாடினர்? அவர் எழுதிய கடிதங்கள் மட்டும் இதற்கு விடை தரா. அவருக்கு வந்த மறுமொழிகளும் கேட்டோர் எழுதிய குறிப்புகளும் வேண்டும்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சார்ல்ஸ்டன் என்றொரு பண்ணைவீடு உள்ளது. ஓவியர்கள் வனெசா பெல்லும் டங்கன் கிராண்டும் 1916இல் அங்குக் குடியேறினர். வர்ஜீனியா உல்ஃப் முதலிய எழுத்தாளர் வந்து கூடினர். 1986இல் அவ்வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2008இல் வனெசாவின் மகள் அளித்த 8,000க்கும் மேற்பட்ட படைப்புகளைப் பட்டியலிட்டுப் பொதுப்பார்வைக்கு வைத்தனர். அரைகுறை வரைவுகளும் அவற்றுள் அடங்கும். ஆய்வாளனுக்கு அவையே பெருஞ்செல்வம்.

இத்தகைய பணியைக் கல்லூரித் தமிழ்த்துறைகள் மேற்கொள்ள வேண்டுமென்பது என் கருத்து. சென்னைக் கம்பன் கழகத்துக்குத் தலைமையேற்ற நீதிபதி மு.மு. இஸ்மாயில் அவர்கள் 2005இல் மறைந்தார்கள். அவர்களோடு அமர்ந்து கம்பனைப் பேசியோரிடமிருந்து நம் மாணவர் இப்பணியைத் தொடங்கலாம். மூலக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. படியெடுத்து உடனே திருப்பித் தரலாம். குடும்பச் செய்தி கலந்தவற்றை வீட்டார் மறைக்க விரும்பினால் வற்புறுத்த வேண்டா. எஞ்சியவற்றைக் கேட்டுப் பெறுவோம்.