வத்தல்மலைக்காரரிடம் குவளையைக் காட்டாதீர்கள்

தன்னம்பிக்கைப் பயிலரங்குகளில் தவறாமல் ஒரு கண்ணாடிக் குவளை மேசைக்கு வரும். அதில் பாதியளவு தண்ணீர் இருக்கும். பாதி நிரம்பியிருக்கிறது என்று சொல்பவர் நம்பிக்கைவாதி, பாதி காலி என்பவர் அவநம்பிக்கைவாதி என்று பயிற்சியாளர் தீர்ப்பளிப்பார். பிள்ளைகள் இரண்டு வரிசைகளில் ஒன்றில் தங்களை நிறுத்திக்கொண்டு வீடு திரும்புவார்கள். வாழ்க்கையை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனப்பான்மை, மனதைத் திருத்திக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் திருந்தும் என்பதுதான் இந்த விளையாட்டுக்கு அடியில் கிடக்கும் கொள்கை. பள்ளி ஆண்டுவிழாவிலிருந்து கடன் வழங்கும் முகாம்வரை இதைப் பேசாத மேடை இன்று அரிது. இந்தக் கொள்கை தவறு. ஏழைகளிடம் கொண்டுபோய்ச் சொல்லும்போது இது கொடுமையாகவும் ஆகிவிடுகிறது.

தருமபுரி மாவட்டத்தில் குவளையைத் தூக்கிக் காட்டுகிறவர், அதில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை ஏறியும், மூட்டும் முதுகும் இறுகியும் தலைமுறைகள் போயின. 2008-இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியோடு கட்டி, 2013-இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகுதான் காவிரித் தண்ணீர் ஊர்களுக்குப் போனது. அதற்கு முன்னால் தன் ஊர்க் கிணற்றைச் சந்தேகத்தோடு பார்த்த தாயை எந்த வரிசையில் நிறுத்துவீர்கள்? அவள் சந்தேகம் சரியானது. அதை மனக்கோளாறு என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

தருமபுரி நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் வத்தல்மலை இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேல். மேலே பெரியூர், சின்னங்காடு, பால்சிலம்பு, ஒன்றிக்காடு என்று சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. குடியிருப்பவர்கள் பெரும்பாலும் மலையாளி பழங்குடியினர். ராகி, சாமையோடு காப்பியும் மிளகும் பயிரிடுகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய இந்த மலைக்கு, நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கடந்த பின்பே அரசுப் பேருந்து ஏறியது. 2021 செப்டம்பர் இறுதியில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இங்கே நேரில் வந்து மக்களிடம் பேசினார். அதற்குப் பின்னர் வந்ததுதான் பேருந்து.

அதுவரை ஒவ்வொரு தேர்தலுக்கும் கட்சிக்காரர்கள் மேலே ஏறிச் சாலையும் பேருந்தும் தருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்கள். அப்படிப்பட்ட மலையில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர், புதிதாக ஒரு அதிகாரி வந்து திட்டம் ஒன்றைச் சொல்லும்போது, "வந்தா பாத்துக்கலாம்" என்று சொன்னால் அதை அவநம்பிக்கை என்று எழுதிக்கொள்வது எப்படி நியாயமாகும்? அவர் கணக்கு வைத்திருக்கிறார். யார் யார் என்ன சொன்னார்கள், எது நடந்தது, எது நடக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். நகரத்தில் ஒரு வங்கி இதே வேலையைச் செய்தால், பழைய கடனைக் கட்டாதவருக்குப் புதுக்கடன் தர மறுத்தால், விவேகம் என்கிறோம்.

மலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் இரண்டு தீர்ப்புகளோடு இறங்குகிறார்கள். காலையில், "பாவம், ஒண்ணும் இல்லாமலேயே எவ்வளவு நிம்மதியா இருக்காங்க" என்பார்கள். மாலையில் அதே வாய், "முன்னேறணும்ங்கிற எண்ணமே இவங்ககிட்ட இல்ல" என்று சொல்லும். இரண்டுமே பார்க்க மறுப்பதன் விளைவு. முதலாவது, இல்லாமையை அழகாக்கிக் காட்டுகிறது. இரண்டாவது, அந்த இல்லாமைக்கு அதில் வாழ்கிறவர்களையே பொறுப்பாக்குகிறது. இரண்டையும் நம்பிவிட்டால் அரசும் நாமும் செய்வதற்கு எதுவும் மிஞ்சாது. இந்தக் கொள்கை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த வசதியும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

காப்பியைப் பாருங்கள். நாற்று நட்டால் முதல் காய்ப்பைக் காண மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். முதலில் நிழல்மரம் வளர வேண்டும். வெள்ளி ஓக் மரத்தில் மிளகுக் கொடியை ஏற்றிவிட்டு அதற்கும் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். நாளையை நம்பாதவர் இதைச் செய்ய மாட்டார். ஆனால் இதே விவசாயி, தன் நிலம் தன் பெயரில் இல்லை, வனத்துறை என்றைக்கு வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்ற நிலையில் இருந்தால் மூன்று மாதத்தில் கைக்கு வரும் பயிரைத்தான் விதைப்பார். ஒரே மனிதர், ஒரே மனம். கையில் பட்டா இருக்கிறதா என்பது மட்டும்தான் வேறு.

பட்டா என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. வனத்தில் தலைமுறைகளாக உழுதவர்களுக்கு உரிமை தரும் வன உரிமைச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் உரிமைப் பத்திரம் வழங்கும் வேலை முடங்கியது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகே தடை நீங்கியது. நாடு முழுவதும் லட்சக்கணக்கானோர் பத்திரம் பெற்றுக்கொண்டிருந்த அந்த எட்டு ஆண்டுகளில் நம் மலைகளில் மனுக் கொடுத்தவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் அவர்களிடம் போய், "நேர்மறையாகச் சிந்தியுங்கள்" என்று சொல்லியிருந்தால் என்ன பயன் விளைந்திருக்கும்?

அதே தருமபுரி மாவட்டத்தில், அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. அங்கேயும் மலையாளி பழங்குடியினர்தான். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரக் கடத்தலைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன, பெண்களும் குழந்தைகளும் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேலம் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் மலைக்காட்டில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று ஆட்சியில் இருந்தவர்கள் மறுத்தார்கள்.

சட்டத்தின் மீதும் அரசின் மீதும் அவநம்பிக்கை கொள்ள இந்தியாவில் எவருக்காவது காரணம் இருந்தது என்றால் அது இந்தப் பெண்களுக்கு இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் துணை நிற்க, நடந்ததை வெளியே சொன்னார்கள். 1995-இல் வழக்கு சிபிஐயிடம் போனது. அணிவகுப்பில் நின்ற ஆட்களைக் கைகாட்டி அடையாளம் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறிச் சாட்சி சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 17 பேர் மீது பாலியல் வல்லுறவுக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டில், 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதிசெய்தார். தீர்ப்புக்கு முன் அவர் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னார். 31 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்த 31 ஆண்டுகளில் அந்தப் பெண்கள் நம்பிக்கைவாதிகளாக இருந்தார்களா, அவநம்பிக்கைவாதிகளாக இருந்தார்களா? இந்தக் கேள்வியே அங்கே உடைந்துபோகிறது. அரசு தானாக நியாயம் செய்யும் என்று அவர்கள் நம்பியிருக்கக் காரணமே கிடையாது. தங்களோடு நின்ற சங்கத்தையும் வழக்குரைஞர்களையும், ஒருவர் மற்றவரையும் நம்பினார்கள். முன்பின் தெரியாத அதிகாரியைச் சந்தேகித்ததும் பக்கத்து வீட்டுக்காரியை நம்பியதும் ஒரே அறிவின் வேலை. சங்கம் வந்திருக்காவிட்டால் இதே பெண்களைப் பார்த்து, விதியை நொந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மலைச்சனம் என்று யாராவது எழுதியிருப்பார்கள்.

மேற்கில் இந்தக் கொள்கைக்கு அறிவியல் முலாம் பூசப்பட்டது. அங்கே நடந்த கதையும் நமக்குப் பாடம். 1967 வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மெயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். என்ன செய்தாலும் அதிர்ச்சி நிற்காது என்ற நிலையில் வைக்கப்பட்ட நாய்களில் பல, பிறகு தப்ப வழி இருந்தபோதும் தப்ப முயலாமல் படுத்துக்கொண்டன. நாய்கள் கையறு நிலையைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அவர்கள் முடிவு செய்தார்கள். பின்னாளில் செலிக்மன் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவரானார். நம்பிக்கையை மனப்பயிற்சியால் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் எழுதியது உலகமெங்கும் பயிலரங்குகளுக்கு அடித்தளமானது. ஆனால் 2016-இல், மூளை ஆய்வுகளின் அடிப்படையில், செலிக்மனும் மெயரும் தங்கள் பழைய கருத்து தலைகீழானது என்று தாங்களே எழுதினார்கள். நீண்ட துன்பத்தின் முன் சோர்ந்து படுப்பது உயிரினத்துக்கு இயல்பாகவே வருவது, அதை யாரும் கற்க வேண்டியதில்லை. கற்றுக்கொள்ளப்படுவது வேறொன்று: நான் செய்தால் நிலைமை மாறும் என்ற அறிவு. மாறிய அனுபவம் ஒன்றாவது கிடைத்தால்தான் அது வரும். முதல் கருத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த நம் பயிற்சியாளர்கள் இந்தத் திருத்தத்தை மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை.

தமிழில் எண்ணத்தின் வலிமையைப் பெரிய அளவில் பரப்பியவர் எம்.எஸ். உதயமூர்த்தி. அவர் 'எண்ணங்கள்' எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1988-இல் மக்கள் சக்தி இயக்கம் கண்டு ஊர் ஊராக ஆள் சேர்த்தார். அவர் வழிவந்தவர்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள், இயக்கத்தை விட்டுவிட்டார்கள்.

ஒரு வீட்டில் பிறந்த அண்ணன் தம்பியில் ஒருவர் சிரித்துக்கொண்டும் மற்றவர் கவலைப்பட்டுக்கொண்டும் இருப்பது எல்லாருக்கும் தெரியும். சுபாவம் என்ற ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கவலைப்படும் தம்பிக்கும் பட்டா கிடைத்தால் அவர் காப்பி நடுவார், கவலைப்பட்டுக்கொண்டே நடுவார். சிரிக்கும் அண்ணனுக்கு நிலம் இல்லையென்றால் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கேரளத்துக்கோ கூலிக்குப் போவார், சிரித்துக்கொண்டே போவார். மாவட்டத்தின் மலைகளிலும் வறண்ட ஊர்களிலும் இப்படிப் போனவர்கள் ஏராளம்.

அவநம்பிக்கை உண்மையில் எங்கே குடியிருக்கிறது என்று தேடுகிறவர்கள் 2024 மக்களவைத் தேர்தல் கணக்கைப் பார்க்கலாம். தமிழ்நாட்டிலேயே அதிகமாக வாக்குப் பதிவானது தருமபுரித் தொகுதியில், சுமார் 81 விழுக்காடு. குறைந்தது மத்திய சென்னையில், சுமார் 54. நகரப் பட்டியலில் இடம் மாறிப்போனவர்களின் பெயர்கள் கிடப்பது உண்மைதான். அதைக் கழித்தாலும் இந்த இடைவெளி சிறியதல்ல. இதே தருமபுரித் தொகுதியில்தான் பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலையும் இருக்கிறது. சாலை இல்லாததால் வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றிக் கொண்டுபோன மலை அது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்தின் கடைசி மாவட்டம் தருமபுரி. இத்தனை முறை ஏமாந்த மக்கள் மறுபடியும் வரிசையில் நிற்கிறார்கள். "எவன் வந்தாலும் ஒண்ணும் மாறாது" என்று சொல்லிவிட்டு விடுமுறையைக் கழிப்பவர் எதையும் இழப்பதில்லை. அவருடைய தெருவுக்குச் சாலையும் தண்ணீரும் ஏற்கெனவே வந்துவிட்டன. அவரை யாரும் பயிலரங்குக்கு அழைத்து மனதைத் திருத்தச் சொல்வதில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பழங்குடிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் அந்தக் குவளையை வைக்காதீர்கள். சாதிச் சான்றிதழுக்கு எங்கே, எப்படி விண்ணப்பிப்பது, உதவித்தொகை நின்றால் யாருக்கு எழுதுவது என்று அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுங்கள். எழுதிய மனுவுக்குப் பதில் வந்த பிள்ளை அடுத்த மனுவைத் தானே எழுதும். மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பதும் ஒன்றே. வன உரிமை மனுக்களை எடுத்து முடியுங்கள். ஒரு மனுவை நிராகரித்தால் அதன் காரணத்தை மனுதாரருக்கு எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.