பதினெட்டு மாத ஊசிக்குப் பிறகு: திருகோணமலையில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு இருப்பது யார்?

ஓட்டிசம் உள்ள சின்னப் பிள்ளைகளோடு நாளாந்தம் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு ஆங்கிலத்தில் 'பிஹேவியர் டெக்னீஷியன்' என்று ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. தமிழில் இல்லை. திருகோணமலையில் பெற்றோர் அவர்களை 'ரீச்சர்' என்கிறார்கள், சிலர் 'மிஸ்' என்கிறார்கள். பக்கத்து வீட்டார் 'பிள்ளை பார்க்கிற வேலை' என்று சுருக்கிவிடுவார்கள்.

கடந்த வருடம் லிங்கநகரில், வாடகை வீடொன்றில் இயங்கும் சிறு நிலையம் ஒன்றில் மூன்று மாதம் பயிலுநராக இருந்தேன். ஊடகக் கற்கை படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். எழுதுவதற்காகத்தான் போனேன். நிலையத்தாரிடமும் பெற்றோரிடமும் அதைச் சொல்லிவிட்டே போனேன். நிலையத்தின் பெயரையும் பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

2025 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த வரவு செலவுத் திட்டத்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கான சேவைகளுக்கு நிதி ஒதுக்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் அந்தப் பணம் கட்டடமாகவும் கருவிகளாகவும் மாறுமா, இல்லை பிள்ளைக்கு முன்னால் உட்காரும் ஆளாக மாறுமா என்பதுதான் நாம் கேட்கவேண்டியது. அதுவும் அந்த ஆள் தமிழ் பேசுபவராக இருப்பாரா?

எத்தனை பிள்ளைகள் என்பதற்கு இலங்கையில் அடிக்கடி காட்டப்படும் கணக்கு 93 பேருக்கு ஒருவர் என்பது. பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் சகாக்களும் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து 2009இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. தெற்கின் ஒரு பகுதியில், இவ்வளவு சிறிய தொகையில் எடுத்த கணக்கை நாடு முழுவதற்கும் முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. அதே ஆய்வில் இன்னொன்றும் வெளிப்பட்டது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உலகமெங்கும் பாவிக்கப்படும் ஒரு கேள்விக்கொத்தைச் சிங்களத்தில் மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கொடுத்தபோது அது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் நான்கில் ஒரு பங்கினரை மட்டுமே பிடித்தது. அம்மாமார் பொய் சொல்லவில்லை. கேள்வி கேட்ட விதம் அவர்களுடைய வீட்டு வாழ்க்கையோடு பொருந்தவில்லை. பின்னர் அதே குழுவினர் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை உருவாக்கினார்கள். சிங்களத்துக்கே இந்த நிலை என்றால், சம்பூரிலும் கிண்ணியாவிலும் உள்ள தாய்மாரிடம் எந்தச் சொல்லில் கேட்பது என்பது தனியாக உட்கார்ந்து யோசிக்கவேண்டிய வேலை.

கண்டறிவதற்கான அடித்தளம் இந்த நாட்டில் மோசமில்லை. குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கே வருகிறார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சிப் பதிவேடு இருக்கிறது. பதினெட்டு மாதத்தில் ஊசி போட ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கிளினிக்குக்கு வந்துவிடுவார்கள். யுத்த காலத்திலும் தடுப்பூசி வேலை முற்றாக நிற்கவில்லை என்பதை வயதான தாதியர் பெருமையோடு சொல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்று அந்த ஊசி நாளிலேயே பார்த்துவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு தருவார்கள், அங்கே பேச்சுச் சிகிச்சைக்குத் திகதி தருவார்கள். பெரிய மதிப்பீடு என்றால் கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே வைத்தியசாலை, அல்லது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு ராகமவில் இயங்கும் அயதி நிலையம். இரவு ரயிலில் போய், பகலில் காத்திருந்து, மறுபடி இரவு ரயிலில் திரும்பவேண்டும். சத்தம் தாங்கமுடியாத மூன்று வயதுப் பிள்ளையை அந்த ரயிலில் கொண்டுபோவது எப்படி இருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். போய் வந்தால் கையில் ஒரு அறிக்கை இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். வாரத்துக்கு இத்தனை மணித்தியாலம் பயிற்சி கொடுக்கவும் என்று அதில் இருக்கும். யார் கொடுப்பது என்று இருக்காது.

அந்த மணித்தியாலங்களைத்தான் லிங்கநகர் வீட்டின் முன்னறையில் நான் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டுப் போலத்தான் தெரியும். பாயில் ஒரு பிள்ளை, எதிரே ஒரு இளம் பெண், நடுவில் மூடி இறுக்கிய ஒரு போத்தல், அதற்குள் பிஸ்கட். பிள்ளை போத்தலைப் பார்க்கும், கையைப் பிடித்து இழுக்கும், அழும். பயிலுநர் 'தாங்கோ' என்று தானே சொல்லிக் காட்டி, பிள்ளையின் விரலைப் போத்தலின் மேல் வைத்து, உடனே திறந்து கொடுப்பார். திரும்பவும் அதையே செய்வார். நாள் போகப்போக விரலைப் பிடிக்கும் உதவியைக் குறைப்பார். பத்துத் தடவையில் எத்தனை தடவை உதவியில்லாமல் கேட்டது என்று கொப்பியில் கோடு போடுவார். ஒரு சொல்லுக்கு ஆறு கிழமை எடுத்த பிள்ளையைக் கண்டேன். ஆறாவது கிழமை அந்தப் பிள்ளை 'தா' என்றதும் வெளித் திண்ணையில் இருந்த அம்மம்மா செருப்போடு உள்ளே ஓடி வந்துவிட்டார்.

இன்னொரு வேலை, பிள்ளை கத்துவதற்கும் கடிப்பதற்கும் காரணம் தேடுவது. அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, அதன் பின் என்ன கிடைத்தது என்று மூன்று நிரலில் எழுதுவோம். ஒரு கிழமை எழுதினாலே பிடிபட்டுவிடும். பிரஷர் குக்கர் விசில் அடித்தால் தலையில் அடிக்கும் பிள்ளையும், வேலை முடியாமல் எழும்ப விரும்பினால் மட்டும் கடிக்கும் பிள்ளையும் ஒன்றல்ல. முதலாவதற்குச் சத்தத்தைக் குறைக்கவேண்டும், இரண்டாவதற்கு 'போதும்' என்று காட்ட ஒரு வழி சொல்லிக்கொடுக்கவேண்டும். அடியாத மாடு படியாது என்று வளர்ந்த ஊரில் இந்தக் கொப்பி எழுத்து பெரிய மாற்றம். தகப்பன்மாருக்கு அதைக் காட்டி விளங்கப்படுத்துவது, பிள்ளைக்குச் சொல் படிப்பிப்பதைவிடக் கஷ்டம்.

மொழிப் பிரச்சினை நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. நிலையத்தில் இருந்த படக்கார்டுகள் இந்தியாவில் அச்சானவை. 'தண்ணீர்', 'பேருந்து', 'மிதிவண்டி' என்றிருந்தன. வீட்டில் பிள்ளை கேட்பது தண்ணி, பஸ், சைக்கிள். ஒரு சொல்லைப் பிடிக்கவே மாதமெடுக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல்லைக் கற்பிப்பதில் என்ன பயன்? அதே பாயில் 'உம்மா', 'வாப்பா' என்று கற்கவேண்டிய முஸ்லிம் பிள்ளையும் இருந்தது. கடைசியில் கைத்தொலைபேசியில் அவரவர் வீட்டுச் சாமான்களையும் ஆட்களையும் படமெடுத்து அச்சிட்டோம். கொழும்பிலோ சென்னையிலோ இருந்து ஒரு பொதி அனுப்பி இந்த வேலையை முடிக்கமுடியாது. பக்கத்துத் தெருவில் வளர்ந்த ஒருவர் வேண்டும்.

இனி, எங்கள் வாசகர்களுக்கு நெருக்கமான பகுதி. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் வளர்ந்த சிறுமிகள் இன்று தாய்மார். அவர்களின் பிள்ளை பேசவில்லை என்றால் உறவினர் வாயில் வரும் முதல் விளக்கம், 'அவள் ஷெல்லுக்குப் பயந்து வளர்ந்தவள், அந்தப் பயம்தான் பிள்ளைக்கு'. தயா சோமசுந்தரம் போன்ற வைத்தியர்கள் பல வருடம் எழுதியும் பேசியும் மனவடு என்ற சொல்லை எங்கள் வீடுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அது பெரிய சேவை. ஆனால் அந்தச் சொல் எல்லாப் பூட்டுக்கும் சாவியல்ல. ஓட்டிசம் பெரும்பாலும் மரபணுவோடு தொடர்புடைய, மூளை வளர்ச்சியில் வரும் வேறுபாடு. தாயின் பயத்தாலோ வளர்ப்பாலோ அது வருவதில்லை. உலகம் இந்தப் பிழையை ஏற்கெனவே ஒருமுறை செய்திருக்கிறது. நாஸி முகாமிலிருந்து விடுதலையாகி அமெரிக்கா போன புரூனோ பெட்டல்ஹைம், 1967இல் எழுதிய புத்தகத்தில், முகாம் கைதிகளின் நிலையோடு இந்தப் பிள்ளைகளை ஒப்பிட்டுத் தாய்மாரின் பாசமின்மையைக் காரணமாக்கினார். ஒரு தலைமுறைத் தாய்மார் அந்தப் பழியைச் சுமந்தார்கள். எங்கள் பெண்களுக்குச் சுமக்க ஏற்கெனவே போதியது இருக்கிறது.

யுத்தம் இங்கே வேறு விதத்தில் கை வைத்திருக்கிறது. பிள்ளையை ஒரு மணித்தியாலம் பார்க்க ஒரு மாமி, ஒரு சித்தப்பா என்று இருக்கவேண்டிய வீடுகளில் ஆட்கள் இல்லை. ஒருவர் கனடாவில், ஒருவர் கட்டாரில், ஒருவர் சட்டகத்தில் படமாக. விசேட தேவை என்று பிரதேச செயலகத்தில் பதியச் சொன்னால் சில குடும்பங்கள் தயங்குகின்றன. பட்டியலில் பெயர் ஏறுவது நல்லதுக்கு என்று நம்பப் பழகாத ஊர் இது. அந்தத் தயக்கத்தை அறியாமை என்று எழுதிவிட்டுப் போகும் உத்தியோகத்தர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்த வேலைமுறையைப் பற்றிய விமர்சனத்தையும் மறைக்கக்கூடாது. இதன் பெரிய ஆதாரமாகக் காட்டப்படுவது ஒலே ஐவர் லோவாஸ் 1987இல் கலிபோர்னியாவில் வெளியிட்ட ஆய்வு. வாரம் 40 மணித்தியாலப் பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் 9 பேர் சாதாரண வகுப்புக்குத் தேறினார்கள் என்றது அது. பிள்ளைகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டது குலுக்கல் முறையில் அல்ல. தண்டனையும் அந்தப் பயிற்சியில் ஒரு பகுதியாக இருந்தது. வளர்ந்துவிட்ட ஓட்டிசக்காரர்கள் பலர், கையை அசைக்காதே, கண்ணைப் பார் என்று மணிக்கணக்கில் வற்புறுத்தப்பட்டதைக் காயமாகவே நினைவுகூர்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். கை அசைப்பதால் யாருக்கும் நட்டமில்லை. 'தண்ணி தாங்கோ', 'வேண்டாம்', 'நோகுது' என்று சொல்லப் பழக்குவதும், அடங்கி இருக்கப் பழக்குவதும் இரு வேறு வேலைகள். சோதனைச் சாவடியில் கையைத் தூக்கி நின்ற சமூகம் அந்த வேறுபாட்டைச் சட்டென்று விளங்கிக்கொள்ளவேண்டும். ஆனால் 'பிள்ளையை இருக்கப் பண்ணிவிடுவோம்' என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குத்தான் கூட்டம் கூடுகிறது. அந்த இடங்களைத் தட்டிக்கேட்க இங்கே தெளிவான ஒரு பொறிமுறை இல்லாததும் அதற்கொரு காரணம்.

அமெரிக்காவில் 2014இல் இந்த வேலைக்குப் பதிவு முறை வந்தது. பதினெட்டு வயது, பாடசாலைக் கல்வி, 40 மணித்தியாலப் பயிற்சி, ஒரு தேர்வு, தகுதி பெற்றவரின் தொடர்ச்சியான மேற்பார்வை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்திருக்கிறார்கள். வாரம் 40 மணித்தியாலம் என்பதோ காப்புறுதிக் கம்பனி பணம் கட்டும் நாட்டின் கணக்கு. அது எங்களுக்குச் சரிவராது. பணக்கார நாட்டிலும் அது இலகுவில்லை. எங்கள் ஆட்கள் நிறையப் பேர் வாழும் ஒன்ராரியோவில் அரச ஓட்டிசத் திட்டத்தின் வரிசையில் 50,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள்.

எங்களுக்குக் கிட்டிய உதாரணம் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் இருக்கிறது. 2016இல் முடிவு வெளியான ஒரு பரிசோதனையில், விசேட பட்டமில்லாத உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் பயிற்சி பெற்று, 6 மாதத்தில் 12 தடவை பெற்றோரைச் சந்தித்தார்கள். பிள்ளையோடு விளையாடுவதைக் காணொளி எடுத்து, பெற்றோரோடு சேர்ந்து பார்த்து, எந்த இடத்தில் பிள்ளை தொடர்புக்கு வந்தது என்று காட்டினார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் தருவது கூடியது, பிள்ளை தானாகத் தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. இலங்கையில் ஹேமமாலி பெரேரா குழுவினர் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வும், தாய்மார் வீட்டிலேயே செய்யும் பயிற்சியால் பயன் இருப்பதைக் காட்டியது. தாயின் தலையில் முழுப் பாரத்தையும் வைப்பதற்கு இதை நியாயமாக்கக்கூடாது. மீன் வாடியில் வேலை செய்துவிட்டு வரும் தாய்க்கு வாரம் எத்தனை மணித்தியாலம் மிஞ்சும்?

பணம் இல்லை என்ற பதிலைப் பொறுமையோடு கேட்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 2020இல் அரசு மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தது. பிரதேச செயலகங்களில் அவர்கள் உட்காரக் கதிரையில்லாமல் நின்றதை இந்த மாவட்டத்தில் எல்லோரும் கண்டார்கள். வன்னியில் முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஊடாகச் சம்பளம் கொடுக்கவும் அரசிடம் பணம் இருந்தது. சிறுபிள்ளைகளோடு வேலை செய்யும் பெண்ணுக்கு ஊதியம் வேண்டுமென்றால் சீருடைத் திணைக்களம் ஒன்றின் கீழ் போகவேண்டும் என்ற நிலையை உருவாக்கிய நாட்டில், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு இரண்டு பேர் என்று மாகாணசபை நியமிக்கமுடியாது என்பதை நான் நம்பவில்லை. உயர்தரம் படித்த, தமிழ் பேசும் பெண்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு வேண்டியது பயிற்சி, மேற்பார்வை, பதவிப் பெயர், சம்பளம்.

என்னோடு பயிலுநராக இருந்தவர்களில் மிகக் கெட்டிக்காரிக்கு இருபத்துமூன்று வயது. கொப்பியில் அவர் போட்ட கோடுகளைப் பார்த்தே மற்றவர்கள் பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்வார்கள். ஓட்டோக் காசுக்கும் போதாத கொடுப்பனவில் பதினொரு மாதம் இருந்தார். பிறகு பட்டணத்தில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில் காசாளராகச் சேர்ந்துவிட்டார். அவரிடம் வந்துகொண்டிருந்த மூன்று பிள்ளைகளில் இரண்டுபேரின் நேரத்தை மற்றவர்கள் பிரித்தெடுத்தார்கள். மூன்றாவது பிள்ளையின் தாய், இடம் வந்தால் சொல்லுங்கோ என்று தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.