மடக்கும் எலெக்ட்ரிக் சைக்கிள்: வாங்கலாமா?

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் தன் மொபைலை என் மேஜை மேல் வைத்து, "அண்ணா, இது நல்லா இருக்கில்ல? வாங்கிடவா?" என்று கேட்டார். திரையில் பாதியாக மடித்து வைத்த எலெக்ட்ரிக் சைக்கிள் ஒன்று. விலை 35 ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் கீழே. 500 வாட்ஸ் மோட்டார், ஒரு சார்ஜில் 50 கி.மீ. வரை ஓடும், பத்து விநாடியில் மடக்கலாம் என்று மூன்று வரிகள்.

கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்றை இரண்டு வருடங்களுக்கு முன் வாங்கியவன் நான். அதனால் "வாங்கு" என்றோ "வேண்டாம்" என்றோ உடனே சொல்ல வாய் வரவில்லை. அவரிடம் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் சைக்கிளுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பேட்டரி, சார்ஜர், கன்ட்ரோலர் போர்டு, சின்ன டிஸ்ப்ளே, ஒரு மோட்டார். இவற்றோடு இரண்டு சக்கரத்தைச் சேர்த்தால் எலெக்ட்ரிக் சைக்கிள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியபோது ஸ்பெசிபிகேஷன் அட்டையை வரி வரியாகப் படித்தீர்கள் அல்லவா? அதே கண்ணோடு இதையும் படித்தால் போதும்.

வாட்ஸ் கணக்கு

முன்பு கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளில் "1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து பாட்டு போட்டால் உண்மையான சக்தி சில வாட்ஸ்தான் இருக்கும். ஒரு நொடிப் பொழுதுக்கு எட்டும் உச்ச அளவைப் பெரிதாகப் போடும் அந்த வித்தை இப்போது சைக்கிளுக்கு வந்திருக்கிறது. "500 வாட்ஸ்" என்று இருந்தால், அது பீக் அளவா, தொடர்ந்து தரும் ரேட்டட் அளவா என்று கேளுங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் 30 நிமிட சக்தி 250 வாட்ஸுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் அதற்குச் சான்று தந்திருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அதைத் தாண்டினால் நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டும். "சீக்ரெட் செட்டிங் மாற்றினால் 40-ல் போகும்" என்று கடைக்காரர் கண் சிமிட்டினால், பதிவில்லாத வண்டியை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று பொருள். விபத்து நடந்தால் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

பேட்டரியே பிரதானம்

கம்ப்யூட்டரில் பிராசஸரைப் பார்ப்பதுபோல் எல்லோரும் மோட்டாரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பேட்டரியை. வோல்டேஜையும் ஆம்பியர்-அவரையும் பெருக்குங்கள். என் சைக்கிளில் 36 வோல்ட், 7.8 ஆம்பியர்-அவர். பெருக்கினால் சுமார் 280 வாட்-அவர். சாதாரண லேப்டாப் பேட்டரி 50 வாட்-அவர் அளவில் இருக்கும். ஆகவே இது ஐந்தாறு லேப்டாப் பேட்டரிகளுக்குச் சமம்.

மிதித்துக்கொண்டே மோட்டார் உதவியோடு சமதளத்தில் போனால் ஒரு கி.மீ.க்கு 8 முதல் 10 வாட்-அவர் செலவாகும். மிதிக்காமல் த்ராட்டிலை மட்டும் திருகினால் 15 வரை போகும். நான் பயன்படுத்தும் குறுக்கு வழி இது: வாட்-அவரை 12 ஆல் வகுங்கள். என் வண்டிக்கு 23 கி.மீ. வருகிறது. விளம்பரத்தில் போட்டிருந்த 50-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்! புதிதில் எனக்குக் கிடைத்தது 22 முதல் 25 கி.மீ.

கரண்ட் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து ஒரு முழு சார்ஜுக்கு மூன்றில் ஒரு யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்தாலும் மூன்றரை ரூபாய். இந்த ஒரு விஷயத்தில் விளம்பரம் பொய் சொல்வதில்லை.

பிறகு என்ன ஆயிற்று?

வேளச்சேரி வீட்டிலிருந்து பெருங்குடி அலுவலகம் ஆறு கி.மீ. போக வரப் பன்னிரண்டு. கணக்குப்படி தாராளம். ஆனால் என் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. சைக்கிளின் எடை 21 கிலோ. பேட்டரி பிரேமுக்குள் ஒளிந்திருந்தது. தனியாகக் கழற்ற முடியாது. எனவே சார்ஜ் போட வேண்டுமென்றால் மொத்த சைக்கிளையும் மாடிக்குத் தூக்க வேண்டும். தண்ணீர் கேனைத் தோளில் வைத்து ஏறிப் பழகியவர்களுக்கும் இது கஷ்டம். கேன் உருண்டை, இதில் பெடல் முழங்காலில் இடிக்கும், செயின் சட்டையில் கறையாக்கும்.

மடக்கும் வசதிக்காகத்தான் கூடுதல் விலை கொடுத்தேன். எத்தனை முறை மடக்கினேன்? முதல் மாதம் ஆறு முறை. அதன்பின் மாதம் ஒன்று. காலை ஒன்பது மணி ரயிலில் மனிதர்கள் நிற்கவே இடமில்லை. 21 கிலோ மூட்டையோடு ஏறும் எண்ணத்தை ஒரே நாளில் விட்டுவிட்டேன்.

பதினாலாவது மாதம் பேட்டரி ஒன்பது கி.மீ.யில் நின்றது. கடைசி மூன்று கி.மீ. தள்ளிக்கொண்டு வந்தேன். கம்பெனிக்குப் போன் செய்தால், பிரேமுக்கு இரண்டு வருட வாரண்டி, பேட்டரிக்குப் பன்னிரண்டு மாதம்தான் என்றார்கள். சரி, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது, அந்தப் பேட்டரி இல்லை என்று பதில் வந்தது. வேறு கம்பெனியின் பேட்டரி அந்தக் குழாய்க்குள் நுழையாது.

மலிவான வழியும் அதன் ஆபத்தும்

பக்கத்தில் ஒரு கடையில், "உள்ளே இருக்கும் செல்லை மட்டும் மாற்றித் தருகிறேன் சார், பாதி விலைதான்" என்றார்கள். பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால் வரும் 18650 செல்லை நீங்கள் பார்த்திருக்கலாம். 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம். என் பேட்டரியிலும் அதேதான்: பத்துப் பத்தாக மூன்று வரிசை, மொத்தம் 30 செல்கள். முழு சார்ஜில் 42 வோல்ட். செல்கள் எல்லாம் சமமாக ஏறி இறங்குகின்றனவா என்று காவல் காப்பது பி.எம்.எஸ். என்னும் சின்ன போர்டு. எங்கிருந்து கழற்றியது என்றே தெரியாத செல்களைப் போட்டு, போர்டையும் சரியாக இணைக்காவிட்டால், ஒரு செல் சூடேறிப் பக்கத்துச் செல்லையும் பற்ற வைக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2006-ம் ஆண்டு டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 லட்சம் லேப்டாப் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது இந்தத் தீ அபாயத்தால்தான். அவ்வளவு பெரிய தொழிற்சாலையிலேயே தவறு நடந்திருக்கிறது. எலெக்ட்ரிக் சைக்கிள் பேட்டரிகளால் வீடுகள் எரிந்த பிறகு, நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் முதல் யு.எல். 2849 சான்று பெற்றவற்றைத்தான் விற்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது.

எங்கள் வீட்டில் சார்ஜ் போடும் பிளக் ஹாலில், வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரவு அம்மா படுப்பதும் ஹாலில்தான். தீப்பிடித்தால் வெளியே போகும் ஒரே வழியில் தீ இருக்கும். செல் மாற்றும் யோசனையை அன்றே கைவிட்டேன். சைக்கிள் இப்போது மாடிப்படிக்குக் கீழே, மோட்டார் இல்லாத கனமான சைக்கிளாக நிற்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மாமாவோ நல்ல பேட்டரி வாங்கி வருவார் என்றும் நினைக்காதீர்கள். விமானத்தில் 100 வாட்-அவர் வரைதான் தாராளம். 160 வரை விமானக் கம்பெனியின் அனுமதி வேண்டும். 280 வாட்-அவர் பேட்டரியைப் பயணியிடம் விடவே மாட்டார்கள்.

யார் வாங்கலாம்?

என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். வாரத்தில் குறைந்தது நான்கு நாள் மடக்கியே தீர வேண்டும் என்பவர்கள் மட்டும் மடக்கும் மாடலைப் பாருங்கள். காரின் டிக்கியில் வைப்பவர், லிப்ட் உள்ள அடுக்குமாடியில் வண்டி நிறுத்த இடமில்லாதவர் போன்றவர்கள் இதில் சேருவார்கள். மற்றவர்கள் அதே விலையில் மடக்காத எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கினால் கீலும் அதன் கூடுதல் எடையும் இருக்காது. போக வர ஐந்து கி.மீ.க்குள் என்றால் சாதாரண சைக்கிளே போதும். சென்னை சமதளம், மேம்பாலத்தில்தான் மூச்சு வாங்கும்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. பேட்டரியைத் தனியாகக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போக முடிகிறதா?

2. மாற்றுப் பேட்டரி இன்று என்ன விலை, கையிருப்பு உண்டா? எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மாடல் வேண்டாம்.

3. பேட்டரிக்கு மட்டும் எத்தனை மாத வாரண்டி?

4. சான்று பெற்ற சோதனை நிறுவனம் எது?

5. சைக்கிளை உங்கள் வீட்டு மாடி வரை ஒருமுறை தூக்க முடியுமா? கடையிலேயே தூக்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம்.

6. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கீலில் "டக் டக்" என்று சத்தம் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

7. ஐபிஎக்ஸ்4 என்றால் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்று மட்டுமே அர்த்தம். தேங்கிய மழைநீரில் இறக்க அது அனுமதி தரவில்லை.

சார்ஜ் போடும்போது, வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். வாசலை மறிக்கும் இடத்தில் வேண்டாம்.

இத்தனையும் கேட்டுவிட்டு, அந்தத் தம்பி கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பினார். இரண்டாவது கேள்வி மட்டும்: மாற்றுப் பேட்டரி என்ன விலை? பத்து நாள் ஆகியும் பதில் இல்லை. இப்போது அவர் மடக்காத மாடல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதன் பேட்டரியின் விலையை அந்தக் கடைக்காரர் பில் புத்தகத்திலேயே எழுதிக் கொடுத்தாராம்.