"நல்லா இருக்கு அண்ணி" என்ற பொய்யும் ஒரு கோடு போட்ட குல்லாவும்



பென்ஷன் வாங்க ஆரம்பித்ததிலிருந்து என் கையில் சாக்பீஸுக்குப் பதிலாக குரோஷா ஊசிதான் இருக்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இன்று அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. "டீச்சர் பீரியட் முடிஞ்சும் விடமாட்டாங்க" என்று முனகாமல் கடைசிவரை படியுங்கள்.

என் நாத்தனாருக்குப் போன வருஷம் கீமோ சிகிச்சை நடந்தது. (அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.) அவள் வீடு ஆவடியில், நான் வேலப்பன்சாவடியில். கீமோவில் எல்லா மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. ஆனால் அவளுக்குக் கொடுத்த மருந்துக்குக் கொட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கொட்டவும் ஆரம்பித்துவிட்டது. இடுப்புவரை பின்னல் போட்டவள் அவள். எனக்குத் தாங்கவில்லை. அன்று ராத்திரியே உட்கார்ந்து, வீட்டில் மீதியிருந்த உல்லனில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு ஒரு குல்லா பின்னினேன். இரண்டே நாளில் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். "நல்லா இருக்கு அண்ணி" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று ஒரு நிறைவு.

மூன்று வாரம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அவள் தலையில் பழைய வாயில் புடவையைக் கிழித்த துணி ஒன்றைக் கட்டியிருந்தாள். என் குல்லா எங்கே என்று கண் தேடியது. கட்டில் ஓரத்தில் வெந்நீர்ப் பை இருந்தது. அதன் மேல் உறையாக என் குல்லா கச்சிதமாக மாட்டியிருந்தது!

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். ஒரு நிமிஷம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவள்தான் சிரித்தாள். "கோச்சுக்காதீங்க அண்ணி, அதுக்கு அளவு ரொம்ப சரியா இருந்துச்சு" என்றாள்.

அன்றைக்குத்தான் நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "நல்லா இருக்கா?" என்று கேட்கவில்லை. "எங்கெங்க கஷ்டமா இருக்கு, சொல்லு" என்றேன். மடமடவென்று மூன்று குறை சொன்னாள். ஒன்று, நிமிர்ந்தால் சரியாக இருக்கிறது, குனிந்தால் கண்ணுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு, முடியில்லாத தோலில் உல்லன் அரிக்கிறது, நம்ம ஊர் வெயிலில் வேர்த்தும் கொட்டுகிறது. மூன்று, படுத்தால் பின்பக்கம் முடிச்சுகள் குத்துகின்றன. மூன்றுமே என் தப்பு. மூன்று வாரமும் அவள் வாயைத் திறக்கவில்லை. மூத்தவள், ஆசையாகச் செய்து கொடுத்தது, எப்படிச் சொல்வது என்ற மரியாதை.

முதல் தப்பை மட்டும் கணக்காக விளக்குகிறேன். கணக்குப் பாடத்துக்கு ஓடி ஒளிந்தவர்கள் கவனிக்கவும். குல்லாவை உச்சியிலிருந்து வட்டமாக ஆரம்பிப்போம். டபுள் குரோஷா என்றால் முதல் சுற்றில் 12 கண்ணி, அடுத்ததில் 24, அடுத்து 36 என்று சுற்றுக்குப் பன்னிரண்டு கூட்டுவோம். கூட்டுவதை எங்கே நிறுத்துகிறோமோ அதுதான் குல்லாவின் அளவு. அதன் பிறகு கூட்டாமல் நேராக இறங்கவேண்டியதுதான். நான் 9 சுற்று, 108 கண்ணி வரை கூட்டினேன். வட்டத்தின் விட்டம் 18 செ.மீ. அதை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு ஐம்பத்தாறரை. அது என் தலை, என் கொண்டை. அவள் தலையை டேப் வைத்து அளந்தால் 53 தான். குல்லா நழுவாமல் நிற்க, தலையைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்கவேண்டும். எட்டே சுற்றில், 96 கண்ணியில், 16 செ.மீ. விட்டத்தில் நிறுத்தியிருந்தால் 50 வந்திருக்கும். ஒரே ஒரு சுற்று அதிகம். அதுவே ஆறு சென்டிமீட்டர் வித்தியாசம்.

டேப் என் தையல் டப்பாவிலேயே இருந்தது. எடுத்து அளக்கத் தோன்றவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அன்பு இருந்தால் அளவு தேவையில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இது தப்பு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

காசுக்கு வேலை செய்பவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. ஆந்திராவில் நரசாப்பூர் பக்கம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குரோஷா லேஸ் பின்னி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். நம்ம நாகர்கோவிலிலும் இடையன்குடியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மிஷனரிப் பெண்கள் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். விலைக்குப் போகும் பொருள் மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் திரும்பி வந்துவிடும். இலவசமாகக் கொடுப்பது மட்டும் திரும்பி வராது. வெந்நீர்ப் பைக்கு உறையாகப் போகும், அல்லது பீரோ அடியில் கிடக்கும். அதனால் கொடுத்தவருக்குத் தன் தப்பு கடைசிவரை தெரியாது.

நம் சென்னையில் 2016 ஜனவரியில் ஒரு பெரிய சாதனை நடந்தது நினைவிருக்கிறதா? சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர் 11,148.5 சதுர மீட்டரில் உலகிலேயே பெரிய குரோஷாப் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிறகு அதைப் பிரித்துச் சின்னச் சின்னப் போர்வைகளாக்கி, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். மனம் நிறைந்து பாராட்டவேண்டிய வேலை. அதில் ஒரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. போர்வை யாருக்கும் பொருந்தும். குல்லா அப்படி இல்லை, அது ஒரு தலைக்குத்தான். பலருக்கும் கொடுக்க நினைத்தால் போர்வை பின்னலாம். குல்லாதான் கொடுக்கவேண்டும் என்றால் ஒவ்வொருவரிடமும் போய் உட்கார்ந்து பேசவேண்டும்.

நாத்தனாரோடு ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு நாள், நல்ல மனசுக்காரர்கள் சிலர் வந்து எல்லோருக்கும் ஒரே அளவில் கம்பளிக் குல்லா கொடுத்தார்கள். போட்டுக்கொள்ளச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். அவர்கள் போனதும் முக்கால்வாசிப் பேர் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை, நானும் அதே கட்சிதானே. ஆனால் அடுத்த முறை மூன்று அளவில் கொண்டுவாருங்கள். பருத்தி நூலில் செய்யுங்கள். அவர்களே நிறம் எடுத்துக்கொள்ளட்டும். வேண்டாம் என்கிறவரை வற்புறுத்தாதீர்கள். சிலருக்கு முந்தானையே போதும், சிலருக்கு மொட்டைத் தலையோடு இருப்பதில் வெட்கமே இல்லை. போட்டோவை விட்டுவிடுங்கள்.

என் இரண்டாவது குல்லாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பூந்தமல்லி பஜாரில் ஃபேன்ஸி ஸ்டோரில் வழவழப்பான பருத்தி நூல் வாங்கினேன். மாம்பழ மஞ்சளும் கருநீலமும், நிறம் அவள் சொன்னது. இரண்டு சுற்றுக்கு ஒரு நிறம். இந்த முறை நிறம் மாற்றும்போது நூலை வெட்டி முடிச்சுப் போடவில்லை. சுற்றின் கடைசிக் கண்ணியை முடிக்கும் கடைசி இழுப்பில் புது நிறத்தை எடுத்து, பழைய நூலை உள்பக்கம் தளர்வாக மேலே கொண்டுபோனேன். இழுத்துப் பிடித்தால் அந்த இடம் சுருங்கிக் குல்லா இறுகிவிடும். கடைசியில் மிஞ்சிய நுனிகளை ஊசியில் கோத்துக் கண்ணிகளுக்குள்ளேயே ஒளித்துவிட்டேன்.

அதுவும் ஒரே தடவையில் சரியாகவில்லை. உல்லன் இழுத்த இழுப்புக்கு வரும், பருத்தி அவ்வளவு வராது. 50-க்குப் பின்னியது நெற்றியில் கோடு விழும்படி பிடித்தது. இந்த முறை அவளே சொல்லிவிட்டாள், "அண்ணி, இங்க பிடிக்குது" என்று. கடைசி மூன்று சுற்றை அவிழ்த்தேன். 24 கண்ணிக்கு ஒன்று வீதம் நாலு கூட்டி, 96-ஐ 100 ஆக்கி மறுபடி பின்னினேன். 52 வந்தது. அதைத்தான் சிகிச்சை முடியும்வரை போட்டிருந்தாள்.

அவிழ்ப்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். குரோஷாவில் உள்ள பெரிய சௌகரியமே அதுதான். நுனியை இழுத்தால் பிரிந்து வந்துவிடும், நூலுக்குச் சேதமில்லை. வெட்டித் தைத்த துணியில் இது நடக்காது.

கடைசியாக ஒன்று. முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் நின்று "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று நீங்கள் கோரஸாகச் சொல்வீர்கள். நான் நம்பிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். நாலாம் வகுப்பில் ஒரு பையன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வான். வருஷக் கடைசியில்தான் தெரிந்தது, அவனுக்கு வகுத்தல் கணக்கே வராது என்று. அதற்கு அவனைத் திட்டவும் செய்தேன். இன்று யோசித்தால், அவனும் நாத்தனாரும் ஒரே காரியத்தைத்தான் செய்திருக்கிறார்கள். என் மனசு நோகக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். "புரிஞ்சுதா" என்பதற்குப் பதில் "எந்த இடத்துல நிக்குது?" என்று கேட்டிருந்தால் அவனும் காட்டியிருப்பான். அந்தப் பையன் இதைப் படிக்கிறான் என்றால், தம்பி, அன்றைக்கு அளவெடுக்காதது டீச்சர்தான்.

உங்களில் பாதிப் பேர் இப்போது ஆசிரியர்கள், அப்பா அம்மாக்கள், சிலர் மாமனார் மாமியார்கூட. உங்கள் வீட்டிலும் யாராவது "நல்லா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு எதையோ சகித்துக்கொண்டிருக்கலாம். இன்று ராத்திரி சாப்பிடும்போது "எங்க பிடிக்குது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் கோபப்படாதீர்கள்.

நாத்தனாருக்கு இப்போது சுருட்டைச் சுருட்டையாக முடி வளர்ந்திருக்கிறது. மஞ்சள் நீலக் குல்லாவைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். சிவப்பு வெள்ளைக் குல்லா இன்னும் வெந்நீர்ப் பையின் மேல்தான் இருக்கிறது. "அதை அவிழ்த்துத் தரட்டுமா?" என்று கேட்டேன். "வேண்டாம் அண்ணி, அதுக்குச் சரியா இருக்கு" என்கிறாள். இந்தத் தடவை நம்புகிறேன்.

குல்லா பின்னக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள். வரும்போது தலையை அளந்துகொண்டு வரவும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
வேலப்பன்சாவடி