கரை ஒதுங்கும் திமிங்கிலமும் நோயாளிதான்

2016 ஜனவரியில் திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு வரையிலான கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கின. 40-க்கும் மேல் இறந்துபோயின. 1973 ஜனவரியிலும் இதே பகுதியில் 147 ஒதுங்கியிருக்கு.

அந்தப் படங்களுக்குக் கீழே இன்னிக்கும் ஒரு கேள்வி வரும்: "மீன்தானே, தண்ணி ஊத்தினா பிழைக்காதா?"

மீன் இல்லைங்க, பாலூட்டி. செவுள் கிடையாது. நம்மளை மாதிரியே நுரையீரல். குட்டி போட்டுப் பால் கொடுக்கும்.

அப்போ காத்து இருக்கிற கரையில ஏன் சாகுது?

1. எடை: தண்ணியில மிதக்கும்போது உடம்பைக் கடல் தாங்குது. மணல்ல அதோட எடையே நெஞ்சை அமுக்கும். மூச்சு திணறும்.

2. சூடு: தோலுக்கு அடியில தடிமனான கொழுப்பு. வெயில்ல அது கம்பளி போர்த்தின மாதிரி.

3. சிறுநீரகம்: நசுங்கின தசையிலிருந்து மயோகுளோபின் ரத்தத்துல கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். நிலநடுக்க இடிபாட்டுல இருந்து உயிரோட மீட்டவங்க பிறகு இறக்கிறாங்களே, அந்த 'கிரஷ் சிண்ட்ரோம்' மாதிரிதான்.

அதனால கடல்ல தள்ளிவிட்டதோட சிகிச்சை முடியல. 2016-ல் மீனவர்கள் படாதபாடு பட்டு உள்ளே கொண்டுபோய் விட்டும் பல திரும்ப வந்தன. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. மீனவர்கள் உழைப்புல குறை இல்லை. அவங்களுக்கு முன்கூட்டியே யாரும் சொல்லித் தரலைங்கிறதுதான் குறை.

என் கருத்து இதுதான்: சிபிஆர் சொல்லித் தர்ற மாதிரி, கடலோர ஊர்கள்ல இதுக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுக்கணும்.

• தலை உச்சியில இருக்கிற துளைதான் மூக்கு. அதுல தண்ணியோ மணலோ போகக் கூடாது. துணியால மூடக் கூடாது.
• வாலிலோ துடுப்பிலோ கயிறு கட்டி இழுக்காதீங்க.
• உடம்பு மேல ஈரத்துணி போடுங்க. முடிஞ்சா நிழல் கொடுங்க.
• அது விடுற மூச்சு உங்க முகத்துல படாம நில்லுங்க. கிருமி பரவலாம்.
• உடனே வனத்துறைக்குச் சொல்லுங்க. எப்போ, எதைக் கடலுக்குள்ள விடணும்னு கால்நடை மருத்துவர் முடிவு பண்ணட்டும்.
• கூட்டம், செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

"மனுஷனுக்கே ஆஸ்பத்திரியில பெட் கிடைக்கல, திமிங்கிலத்துக்கா டாக்டர்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா இதுக்கு பெட் வேண்டாம். ஒரு நாள் மதியம் ஒரு வகுப்பு, நாலு பழைய வேட்டி, ஒரு போன் நம்பர். அவ்வளவுதான் செலவு.

"ஆழ்வார்குறிச்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?"னும் கேட்பீங்க. நம்ம கடனாநதி திருப்புடைமருதூர்ல தாமிரபரணியோட சேர்ந்து, புன்னைக்காயல்ல அதே மன்னார் வளைகுடாவுலதான் கலக்குது. நாம ஆத்துல விடுற சாக்கடையும் பிளாஸ்டிக்கும் போய்ச் சேர்றது அங்கேதான்.

1973, 2016. அடுத்தது எப்போன்னு யாருக்கும் தெரியாது. அதுக்குள்ள கத்துக்கிடலாமே.

கடலோரத்துல சொந்தக்காரங்க இருந்தா இதை அனுப்பி வைங்க.