நிறம் விற்கும் பெட்டி



சென்ற மாதம் பெண்பிள்ளைகளின் குர்ஆன் வகுப்பில் ஸூரத்துர் ரூம் ஓதினோம். மனிதரின் மொழியும் நிறமும் வேறுபடுவது அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் ஒன்று என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று கேட்டது: "அப்ப ஏன் மௌலவி, உம்மா எனக்கு ராவைக்கு வெள்ளையாகிற கிறீம் பூசச் சொல்றா?" மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டு மேசையிலும் அப்படி ஒரு கிறீம் இருந்தது.

அந்தக் கிறீமின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபெயார் அன்ட் லவ்லி'யை இந்தியாவில் விற்கத் தொடங்கியது. பிறகு நம் நாட்டுக் கடைகளுக்கும் அது வந்தது. கறுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை அமையாது, கிறீம் பூசினால் அமையும் என்பதே ஆரம்ப கால விளம்பரங்களின் கதை. பெண்கள் படித்து வேலைக்குப் போகும் காலம் வந்ததும் கதையை மாற்றினார்கள். ஒரு விளம்பரத்தில், மகன் இல்லையே என்று தகப்பன் வருந்துகிறார். அதைக் கேட்ட மகள் கிறீம் பூசி, விமானப் பணிப்பெண்ணாகிச் சம்பாதிக்கிறாள். இந்திய மாதர் சங்கத்தினர் முறையிட்டார்கள். 2003இல் இந்திய அரசாங்கம் அந்தக் கிறீமின் இரண்டு விளம்பரங்களை நிறுத்தியது.

மாப்பிள்ளை போய் உத்தியோகம் வந்தது, பார்த்தீர்களா? பெண்ணின் படிப்புக்கும் திறமைக்கும் அங்கே இடமில்லை. ஆண்களையும் விட்டுவைக்கவில்லை. 2005இல் வேறொரு நிறுவனம் அவர்களுக்கென்றே ஒரு கிறீமைக் கொண்டுவந்தது.

இது நம் பக்கத்தில் மட்டும் பிறந்த நோயுமல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பியர்ஸ் சவர்க்கார விளம்பரமொன்றில், கறுப்பினக் குழந்தையைத் தொட்டியில் குளிப்பாட்டுகிறார்கள். உடம்பு வெளுத்துவிடுகிறது, முகம் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. கறுப்பு என்றால் அழுக்கு என்று அந்தக் காலத்தில் வெட்கமில்லாமல் அச்சடித்தார்கள். 2017இல் டவ் விளம்பரத்தில் ஒரு கறுப்பினப் பெண் சட்டையைக் கழற்றியதும் வெள்ளைப் பெண் தோன்றினாள். எதிர்ப்பு எழுந்தது, மன்னிப்புக் கேட்டார்கள்.

2020இல் அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் பொலிஸாரால் கொல்லப்பட்டபின் நிறபேதத்துக்கு எதிராக உலகமே பேசியது. அந்த வருடம்தான் 'ஃபெயார் அன்ட் லவ்லி' 'க்ளோ அன்ட் லவ்லி' ஆனது. வெண்மை போய் 'பொலிவு' வந்தது. ஷாதி டொட் கொம் என்ற இந்தியத் திருமண இணையத்தளமும் நிறம் பார்த்துத் தேடும் வசதியை அதே வருடம் எடுத்துவிட்டது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெயர் தெரியாத வெளுக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கும். தோலுக்கு நிறம் தரும் பொருள் உண்டாவதை அது தடுக்கிறது. முகம் வெளுக்கும், ஆனால் சிறுநீரகம் கெடும். யார் செய்தது, என்ன சேர்த்தது என்று எழுதாத டப்பியை வீட்டுக்குள் எடுக்காதீர்கள்.

அந்தப் பிள்ளையின் உம்மாவைக் கண்டு பேசினேன். "கிறீமை நிப்பாட்டுறன் மௌலவி. நாளைக்குப் பொண்ணு பாக்க வாறவங்க, புள்ள கறுப்பு, வீட்டோட வளவையும் தாங்க எண்டு கேட்டா நீங்க வந்து பேசுவீங்களா?" என்றார். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் முடிக்கும் ஊர் நம்முடையது. நிறம் குறைந்தால் கேட்பது கூடுகிறது. இந்த விலையை எந்தக் கம்பனி போட்டது?

என் சொந்த ராத்தா மகனுக்குப் பெண் தேடுகிறா. "வெள்ளைப் புள்ளையாப் பாருங்க தம்பி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறா. அவவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த வெள்ளிக்கிழமை போக இருக்கிறேன்.